ஒரே ரேஸில் இத்தனை குதிரைகள் ஓடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஓசூர் பக்கத்தில் மத்திகிரி. ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய பண்ணை இருக்கும் ஊர். இப்போது அது அரசு கால்நடைப் பண்ணை. இங்கிருந்து பெங்களூரு ரேஸ் கோர்ஸ் சுமார் 40 கிலோமீட்டர்தான். அதனால் ரேஸ் பார்க்கப் போகிறவர்களும், பணம் கட்டுகிறவர்களும், லாயத்தில் வேலைக்குப் போகிறவர்களும் எங்கள் பக்கம் உண்டு. ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய குதிரை ரேஸின் வீடியோ வாட்ஸப்பில் வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ரேஸ் பிடிக்கும், குதிரைகளை அதைவிடப் பிடிக்கும். அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ஒரு ரேஸ்ல எத்தனை குதிரை ஓடலாம்னு கணக்கு ஏதாச்சும் இருக்கா, இல்ல வந்ததெல்லாம் ஓடுமா?

கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு திடலும் தூரத்துக்குத் தக்கபடி உச்ச வரம்பு வைத்திருக்கும். டிராக் எவ்வளவு அகலம், கேட் (குதிரைகள் பெட்டி பெட்டியாக நின்று கிளம்பும் கதவு வரிசை) வைக்கும் இடத்தில் எத்தனை பெட்டி நிற்கும், அங்கிருந்து முதல் வளைவு எவ்வளவு தூரம், இந்த மூன்றும்தான் முக்கியம். கேட்டைத் தாண்டியதுமே வளைவு வந்துவிடும் தூரங்களுக்கு வரம்பு குறைவாக இருக்கும். பெயர் கொடுத்த குதிரைகள் வரம்பைத் தாண்டினால் ரேஸை இரண்டு டிவிஷனாக, அதாவது இரண்டு தனி ரேஸாகப் பிரிப்பார்கள், அல்லது மிச்சத்தை நீக்கிவிடுவார்கள்.

நம் நாட்டில் சாதாரண நாள் ரேஸில் பத்துக்கு முன்னே பின்னே ஓடும். ஹாங்காங்கில் ஹேப்பி வேலி திடலில் 12, ஷாட்டினில் 14தான் உச்சம். ஜப்பானில் 18. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் 20, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கப்பில் 24. கிராண்ட் நேஷனலில் இப்போது 34. ஒரு காலத்தில் அதற்கு வரம்பே இல்லை. 1929இல் 66 குதிரைகள் ஓடின.

டிராக்தான் அவ்ளோ அகலமா இருக்கே, அப்புறம் எப்படி இடிச்சுக்கும்?

அகலம் முழுவதையும் யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கேதான் சிக்கல். வளைவில் உள்பக்கக் கம்பியை ஒட்டி ஓடும் குதிரைக்குத் தூரம் குறைவு. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். ஒரு குதிரையின் நீளமே ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். நான்கு மீட்டர் வெளியே மாட்டிக்கொண்ட குதிரை ஒரே வளைவில் ஐந்து குதிரை நீளத்தை இழந்துவிடும். கழுத்து நீட்டத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டத்தில் எந்த ஜாக்கி அதற்குச் சம்மதிப்பார்?

ஆகவே 20 மீட்டர் அகல டிராக்காக இருந்தாலும் வளைவுக்குள் நுழையும்போது எல்லோரும் கம்பியோரத்து நாலைந்து மீட்டருக்குள்தான் நெருக்குவார்கள். கேட்டில் கம்பியை ஒட்டிய பெட்டி கிடைத்த குதிரைக்கு இடது வலது இரண்டும் அடைபட்டுவிடும். வெளிப் பெட்டிக்காரர் உள்ளே இறங்க வேகமாக வெட்டுவார். இந்த இரண்டு அவசரமும் சந்திக்கும் இடம்தான் முதல் வளைவு.

10க்கு பதிலா 20 ஓடினா ஆபத்து ரெண்டு மடங்கு. அவ்ளோதானே?

அப்படி நேர்க்கணக்கில் கூடாது. ஒன்றோடொன்று உரச வாய்ப்புள்ள ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். 10 குதிரைகளில் 45 ஜோடி. 20 குதிரைகளில் 190 ஜோடி. எண்ணிக்கை இரண்டு மடங்கானதும் ஜோடிகள் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டன. எல்லா ஜோடியும் ஒன்றின் அருகில் ஒன்று வரப்போவதில்லை என்பதால் ஆபத்து அப்படியே நான்கு மடங்கு என்று சொல்லக் கூடாது. கூட்டம் சேரச் சேர நெருக்கடி எண்ணிக்கையைவிட வேகமாக ஏறும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

முன்னாடி ஒன்னு விழுந்தா பின்னாடி வர்ற ஜாக்கி இழுத்துப் பிடிச்சு ஒதுங்கிட முடியாதா?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குள் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரண்டு குதிரை நீளம் பின்னால் வருகிறவருக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 450, 500 கிலோ எடையுள்ள விலங்கை அதற்குள் திருப்ப வேண்டும். பக்கத்தில் இடம் இருந்தால் குதிரையே சமாளித்துவிடும். கீழே கிடப்பதை மிதிக்காமல் தாண்டத்தான் அது பார்க்கும். இரண்டு பக்கமும் வேறு குதிரைகள் ஓடும்போது அதற்கு வழி ஏது?

விழாமலே நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பின்னால் வரும் குதிரையின் முன்னங்கால், முன்னால் ஓடுவதன் பின்னங்குளம்பில் பட்டுவிடும். பட்டது தெரிவதற்குள் மூக்குக்குப்புற விழுந்திருக்கும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்ச இடமும் நேர் பின்னே கொஞ்ச இடமும் தெரியாது. நெரிசலில் ஆபத்து வருவது அந்த இரண்டு இடங்களில்தான்.

மழைக்காலத்து ரேஸ் முடிந்ததும் ஜாக்கிகள் திரும்பி வரும் இடத்தில் நின்று பாருங்கள். முன்னால் ஓடியவரின் சட்டை புதிதாக இருக்கும். நடுக்கூட்டத்தில் ஓடியவர் தொப்பி முதல் பூட்ஸ் வரை சேறாக வருவார், கழுத்தில் இரண்டு மூன்று கண்ணாடிகள் தொங்கும். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய், சேறு அடித்து மறைக்க மறைக்க ஒவ்வொன்றாக இறக்கி விட்டுக்கொண்டே ஓட்டியிருப்பார். அந்தக் கண்ணோடுதான் அவர் முன்னால் விழுவதைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

கிராண்ட் நேஷனல்ல மட்டும் ஏன் அப்படி விழுது? பெங்களூர்ல அப்படிப் பார்த்ததில்லையே?

அது தடை தாண்டும் ரேஸ். நம் நாட்டில் நீங்கள் பார்ப்பது சமதள ரேஸ். லிவர்பூல் அருகே ஏன்ட்ரீ திடலில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடி 30 வேலிகளைத் தாண்ட வேண்டும். இரண்டிலும் கூட்டம் ஆபத்துதான், ஆனால் ஆபத்தின் தன்மை வேறு. சமதளத்தில் வளைவும் கேட்டும். அங்கே வேலி.

கூட்டத்துக்கு நடுவில் வரும் குதிரைக்கு வேலி கடைசி நிமிடம் வரை கண்ணில் படாது. எங்கே கால் ஊன்றி எழும்ப வேண்டும் என்று கணிக்க நேரம் கிடைக்காது. தாண்டி இறங்கும் இடத்தில் ஏற்கெனவே ஒன்று விழுந்து கிடந்தால் சரியாகத் தாண்டிய குதிரையும் சேர்ந்து விழும். 2012இல் ஆக்கார்டிங் டு பீட் என்ற குதிரை அப்படித்தான் இறந்தது. அது தப்பாகத் தாண்டவில்லை. முன்னால் விழுந்த குதிரைதான் அதை வீழ்த்தியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஜாக்கி விழுந்துட்டா குதிரை தானா ஓரமா போயிடும்ல?

போகாது. குதிரை மந்தை விலங்கு. முதுகில் ஆள் இல்லாவிட்டாலும் மற்றவை ஓடும்வரை கூடவே ஓடும், வேலியும் தாண்டும், திடீரென்று குறுக்கேயும் திரும்பும். 1967 கிராண்ட் நேஷனலில் நடந்தது இதுதான். 44 குதிரைகள் கிளம்பின. 23ஆவது வேலியில் ஆளில்லாத ஒரு குதிரை வேலியை ஒட்டிக் குறுக்கே ஓடியது. பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் ஒன்றன் மேல் ஒன்று மோதி நின்றுவிட்டது. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னாவன் என்ற குதிரை, ஒன்றுக்கு நூறு என்று பந்தயக்காரர்கள் கைவிட்டது, கிடைத்த சந்தில் தாண்டிப் போய் ஜெயித்தது. இன்று அந்த வேலிக்கே அதன் பெயர்தான்.

எல்லோரும் இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது நெரிசல் கதை. அந்த மோதலில் யாருக்கும் பெரிய சேதம் இல்லை என்பதால்தான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

40ஐ 34 ஆக்கினாங்களாமே. ஆறு குதிரைல என்ன வந்துடப் போகுது?

2024இல் குறைத்தார்கள். மேலே சொன்ன ஜோடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 40க்கு 780 ஜோடி, 34க்கு 561. எண்ணிக்கையில் 15 விழுக்காடு குறைத்தால் ஜோடிகளில் 28 விழுக்காடு குறைகிறது. ஆறு என்பது கேட்பதற்குத்தான் சின்னது.

அதோடு நிற்கவில்லை. கிளம்பும் இடத்துக்கும் முதல் வேலிக்கும் இடையிலான தூரத்தை 60 கஜம் சுருக்கினார்கள், வேகம் ஏறுவதற்குள் முதல் தாண்டல் முடிந்துவிட வேண்டும் என்பதற்காக. முந்தைய ஆண்டு ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை இறந்தது அந்த முதல் வேலியில்தான். 11ஆவது வேலியின் உயரத்தையும் குறைத்தார்கள். ஓடத் தேவையான குறைந்தபட்சத் தரப்புள்ளியை (குதிரையின் திறனுக்குத் தரும் மதிப்பெண்) 125இலிருந்து 130ஆக ஏற்றினார்கள். அந்த ஆண்டு 32 குதிரைகள் ஓடின, ஒன்றுகூட விழவில்லை. ஜாக்கியை இழந்தவை இருந்தன, பாதியில் நிறுத்தப்பட்டவை இருந்தன. ஆனால் எல்லாக் குதிரையும் உயிரோடு லாயம் திரும்பின.

அப்ப எண்ணிக்கைதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றீங்களா?

இல்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். அதே கிராண்ட் நேஷனலில் 2013இல் வேலிகளுக்குள் இருந்த மரச் சட்டத்தை எடுத்துவிட்டு வளையும் பிளாஸ்டிக் வைத்தார்கள். எண்ணிக்கை 40 ஆகவே இருந்தது. அதற்குப் பின் 2018 வரை அந்த ரேஸில் ஒரு குதிரையும் சாகவில்லை. 2019இலிருந்து மறுபடி சாவுகள். வேலி, தரை, குதிரையின் வயது, தகுதி, அன்றைய உடல்நிலை என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. தடை தாண்டும் ரேஸில் குதிரைகள் கூடினால் விழுவதும் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சமதள ரேஸில் எலும்பு முறிவுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேராக இல்லை.

34 ஆக்கியும் 2025ல ஒரு குதிரை செத்துச்சே? அப்ப குறைச்சது வீண்தானே?

செலப்ர் டாலன் என்ற 13 வயதுக் குதிரை. கடைசிக் கட்டம் வரை முன்னணியில் ஓடி, சக்தி தீர்ந்து, நிறுத்தப்பட்டபின் சாய்ந்தது. சில நாளில் இறந்துவிட்டது. ஓட முடியாத நிலையிலும் தொடர்ந்து ஓட்டியதற்காக ஜாக்கிக்கு 10 நாள் தடை விதித்தார்கள். இதில் நெரிசலுக்குப் பங்கு இல்லை. 34 என்ன, நான்கு குதிரைகள் ஓடியிருந்தாலும் இது நடந்திருக்கலாம். ஒரு பூட்டு எல்லாக் கதவையும் காக்காது. அதற்காக அந்தப் பூட்டைக் கழற்றுவதும் சரியில்லை.

மெல்போர்ன்காரங்க 24ஐ குறைக்கவே இல்லையே, அவங்க மட்டும் எப்படி?

அவர்கள் வேறு பக்கம் கை வைத்தார்கள். 2013க்கும் 2020க்கும் இடையில் அந்தக் கப்பில் ஓடிய 6 குதிரைகள் இறந்தன. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கடைசியாக 2020இல் இறந்தது ஆன்டனி வான் டைக், இங்கிலாந்து டெர்பியையே ஜெயித்த குதிரை. அதன்பின் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் ஓட விடுவது என்று விதி கொண்டுவந்தார்கள். காரணம் எளிது. ரேஸில் திடீரென்று முறிந்ததாகத் தெரியும் எலும்பில் பல வாரங்களாகவே மயிரிழை விரிசல் இருந்திருக்கும். ஸ்கேன் அதைப் பிடித்துவிடும்.

அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டத்துக்கு 2 குதிரைகள் இறந்தன, 2023இல் அது 1.32. மருத்துவப் பரிசோதனை, மருந்துக் கட்டுப்பாடு, தரைப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வந்த பலன் இது. கூட்டத்தைக் குறைப்பது மோதலைத் தடுக்கும். விரிசல் விட்ட காலைக் காப்பது மருத்துவரின் கண்தான். இரண்டும் வேண்டும்.

கால் உடைஞ்சா கட்டுப் போட்டு வச்சுக்கலாமே, ஏன் கொன்னுடுறாங்க?

கூட்டத்தைப் பற்றிய கேள்வி இல்லைதான், ஆனால் அதிகம் கேட்கப்படுவது இதுதான். குதிரையால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. உடம்பின் பாரமே நுரையீரலையும் குடலையும் தசையையும் கெடுத்துவிடும். நின்றால் உடைந்த காலின் பாரத்தை மற்றக் கால்கள் தாங்க வேண்டும். அந்தக் கால்களின் குளம்புக்குள் அழற்சி வந்து, எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் திசு விட்டுப்போகும். அந்த வலியைச் சொல்லி மாளாது.

பணம் இல்லாததால் கொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2006 கென்டக்கி டெர்பியை ஜெயித்த பார்பரோ, அடுத்த ரேஸில் கால் முறிந்தது. நல்ல அறுவை சிகிச்சை, சிறந்த மருத்துவமனை, எட்டு மாதப் போராட்டம். கடைசியில் 2007 ஜனவரியில் இந்தக் குளம்பு நோய்தான் அதைக் கொண்டுபோனது. சின்ன முறிவுகள் குணமாவதும் உண்டு, திரும்ப ஓடியவையும் உண்டு.

ஒரு ஜாக்கி வேணும்னே குறுக்க வெட்டினா தண்டனை கிடையாதா?

உண்டு. ரேஸைக் கண்காணிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகள் பல கோணத்தில் வீடியோ பார்ப்பார்கள். போதிய இடைவெளி இல்லாமல் குறுக்கே வந்தால் ஜாக்கிக்குத் தடை, குதிரைக்கு இடம் இறக்கம். 2019 கென்டக்கி டெர்பியில் 19 குதிரைகள் ஓடின. முதலாவதாக வந்த மேக்சிமம் செக்யூரிட்டி கடைசி வளைவில் வெளியே விலகி மற்றவற்றைத் தடுத்ததாக 20 நிமிடத்துக்கு மேல் வீடியோ பார்த்து 17ஆம் இடத்துக்குத் தள்ளினார்கள். தண்டனை வேண்டும்தான். ஆனால் அது நடந்தபின் வருவது. இடமே இல்லாத கூட்டத்தில் நல்ல ஜாக்கியும் இடிப்பார்.

அப்ப ஏன் எல்லா ஊர்லயும் குறைக்க மாட்டேங்குறாங்க? காசுதானே?

பெரும்பாலும் காசுதான். குதிரைகள் அதிகம் என்றால் ஃபேவரிட்டுக்கும் (ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பும் குதிரை) நல்ல பந்தய விலை கிடைக்கும், பிளேஸ் கணக்கில், அதாவது ஜெயிக்காமல் முன்னணியில் வந்தாலும், பணம் தரும் இடங்களும் கூடும், ஜனம் அதிகம் கட்டும். ஐந்து குதிரை ஓடும் ரேஸில் டோட்டில் (கட்டிய பணத்தைத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை) பணம் சேராது. குதிரை வைத்திருப்பவர்களும் தங்கள் குதிரைக்கு ஓட வாய்ப்புக் கேட்பார்கள்; தீனி, லாய வாடகை, குதிரையைப் பராமரிக்கும் சைஸின் சம்பளம் மாதாமாதம் போகிறதே. அந்தச் சம்பளத்தில் எங்கள் ஊர்க் குடும்பங்களும் சாப்பிடுகின்றன, அதனால் இதை இளக்காரமாகப் பேச மாட்டேன்.

வழி இல்லாமல் இல்லை. 24 பேர் கேட்டால் 12, 12 ஆக இரண்டு டிவிஷன் ஓட விடலாம். குதிரைகள் அத்தனையும் ஓடும், ஒரு ரேஸ் கூடுதலாகக் கிடைக்கும். பரிசுப் பணத்தைப் பிரிக்க வேண்டி வரும், அதற்குத்தான் மனசு வர வேண்டும்.

நான் பணம் கட்டுறவன். எனக்கு இதுல என்ன நஷ்டம்?

உங்களுக்கும் நஷ்டம்தான். 1996இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், ஓடிய வரலாறு, ஜாக்கி, எடை இதையெல்லாம் படித்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் அதன் அடிப்படை. நெரிசலான ரேஸில் நல்ல குதிரை கம்பியோரம் மாட்டிக்கொண்டு, வழியே கிடைக்காமல் ஆறாவதாக வரும். நீங்கள் ராத்திரியெல்லாம் படித்த ரேஸ் புத்தகத்துக்கு மதிப்பு எங்கே?

தம்பி பையன் ஜாக்கியாகணும்னு நிக்கிறான். பயப்படலாமா?

பயம் நியாயமானது. பயிற்சி ஜாக்கிக்கு அனுபவம் குறைவு என்பதால் எடையில் சலுகை தருவார்கள். அந்தச் சலுகை குதிரையின் வேகத்துக்கு உதவும். கூட்டத்தில் இடைவெளி பார்க்கும் கண்ணைத் தராது. அது வருவதற்கு ஓட்டி ஓட்டித்தான் பழக வேண்டும். பையனைச் சேர்க்கும் முன் ட்ரெய்னரிடம் ஒன்று கேளுங்கள்: முதல் வருஷம் எந்த மாதிரி ரேஸில் ஏற்றுவீர்கள்? சின்னக் கூட்டத்தில் தொடங்குவேன் என்று சொல்கிறவரிடம் தைரியமாக விடலாம்.

ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க சார். எத்தனை ஓடினா சரி?

எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது. நேரான அகல டிராக்கில் 20 நிம்மதியாக ஓடலாம். சின்ன வட்டத்தில், கேட்டுக்கு அருகிலேயே வளைவு இருந்தால், 14 கூட அதிகம். என் கருத்து, வரம்பை எப்போதும் அந்தத் திடலின் மிகக் குறுகலான இடத்தை அளந்துதான் வைக்க வேண்டும். ஹாங்காங்கைப் பாருங்கள். பந்தயப் பணம் குவியும் ஊர். ஆனாலும் ஹேப்பி வேலியில் 12க்கு மேல் விடுவதில்லை.

நம்ம எருது விடும் விழாவுக்கும் இதே கணக்குதானா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எருதுகளை ஒவ்வொன்றாகத்தான் விடுகிறோம். கூட்டமாக ஓடவிட்டு முந்த வைப்பதில்லை, அதனால் எருதும் எருதும் மோதும் ஆபத்து குறைவு. அங்கே நெரிசல் என்பது மனிதர்களுடையது. ஓடுபாதைக்குள் இறங்கி நிற்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். இன்னொன்று: முன்னால் விட்ட எருதைக் கயிறு போட்டுப் பிடிப்பதற்குள் அடுத்ததை அவிழ்த்துவிடக் கூடாது. பிடிபடாத எருது திரும்பி ஓடி வந்தால், மேலே ஆளில்லாத குதிரை பற்றிச் சொன்னதுதான் நடக்கும்.

எங்க ஊர்ப் பண்டிகைக்குக் குதிரை வண்டி ரேஸ் வைக்கலாம்னு இருக்கோம். 15 வண்டி வர்றாங்க. ஒன்னா விடலாமா?

விடாதீர்கள். முதலில் மாவட்ட நிர்வாகத்திடமும் காவல்துறையிடமும் அனுமதி, கால்நடை மருத்துவர் வந்து நிற்பது, இவை இல்லாமல் பேச்சே வேண்டாம். அப்புறம் ரோட்டை அளங்கள். இருவழிச் சாலையின் தார் 7 மீட்டர். ஒரு வண்டி ஆடி அசைந்து ஓட இரண்டு மீட்டராவது வேண்டும். மூன்று வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே ரோடு முடிந்தது. நாலாவது வண்டியின் சக்கரம் மண்ணில் இறங்கும் அல்லது பக்கத்து வண்டியின் அச்சில் மாட்டும். இரண்டு பக்கமும் ஜனம் வேறு.

மும்மூன்றாகவோ, ரோடு குறுகலாக இருந்தால் இரண்டிரண்டாகவோ விடுங்கள். இன்னும் நல்லது, ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்த்துப் பரிசு கொடுப்பது; எருது விடுவதில் பழகிய முறைதான். எல்லைக் கோட்டைத் தாண்டியபின் வண்டி நின்று அடங்க 200, 300 மீட்டர் காலி ரோடு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அருகில்தான் மேடை போட்டு மாலையோடு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தைக் கோட்டுக்கு முன்னாலேயே, ரோட்டுக்கு ஒரு பக்கமாக, சவுக்குக் கட்டைக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள்.